சக்கரத்தில் ஒரு சுண்ணாம்புக் கோடு

புதன்கிழமை காலை ஏழு மணி இருக்கும். ராஜகிரி மலைக்கு மேற்கே கமலாம்பாளின் நிலத்தில் மூன்றாவது சால் முடிந்து திரும்பும்போது, அரசாங்க டிராக்டரின் வலது பின்சக்கரம் 'டப்' என்றது. அதைத் தொடர்ந்து ஒரு நீண்ட சீறல். டிரைவர் பிலவேந்திரன் திரும்பிப் பார்க்கவில்லை. திங்கட்கிழமை காலையிலும் இதே சக்கரம்தான், இதே சத்தம்தான். வண்டி மெல்ல வலது பக்கம் சாய்ந்து, களைத்த எருமை மாதிரி மண்ணில் உட்கார்ந்தது. அவன் எஞ்சினை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தான்.

வரப்பின் மேல் தலையோடு போர்வையைச் சுற்றிக்கொண்டு நின்ற கமலாம்பாள் கூப்பிட்டாள்.

"இன்னா தம்பி, படுத்துக்கிச்சா?"

"டியூப் போச்சும்மா."

"அதான் திங்கக்கெழமையே போச்சே?"

"அது வேற டியூப். இது வேற."

"நல்லா இருக்குது போ. எங்க வீட்டு மாடு ரெண்டும் பதினாலு வருசமா அதே காலை வச்சிக்கினு ஏர் ஓட்டுது. உங்க சர்க்காரு மாட்டுக்கு ரெண்டு நாளைக்கு ஒரு காலு மாத்தணுமா?"

பிலவேந்திரன் ஸ்டியரிங்கை விட்டு எழுந்தான். இறங்கிப் போய் சக்கரத்தின் அருகே குந்தினான். அவனுக்குத் தெரிந்ததுதான்: காற்றடிக்கும் பித்தளை மூக்கு அடியோடு பிய்ந்து, ரிம்மின் ஓட்டையில் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால்தான் அவனுடைய கவலை புரியும். சக்கரத்தின் நடுவில் இருப்பது இரும்பு. அதன் ஓர வளையத்துக்குத்தான் ரிம் என்று பெயர். அதைச் சுற்றி மாட்டியிருப்பது ரப்பர் டயர். இரண்டுக்கும் நடுவே காற்றடைத்த டியூப். எஞ்சின் சுற்றுவது இரும்பைத்தான், டயரை அல்ல. இரும்பு டயரை இழுத்துக்கொண்டு போகவேண்டும். டயர் மண்ணைப் பிடித்து வண்டியைத் தள்ளவேண்டும். ஆனால் டயரை ரிம்மோடு சேர்த்துப் பிடிக்க ஆணி கிடையாது, திருகு கிடையாது. உள்ளே இருக்கும் காற்று டயரின் ஓரங்களை ரிம்மின் மேல் அழுத்துகிறதே, அந்த அழுத்தம் ஒன்றுதான் பிடி. அந்தப் பிடி விட்டுப்போனால் ரிம் முன்னால் சுற்றும், டயர் பின்தங்கும். டயரோடு டியூபும் பின்தங்கும். டியூபின் மூக்கு மட்டும் ரிம்மின் ஓட்டைக்குள் மாட்டிக்கொண்டிருப்பதால் அது எங்கேயும் போகமுடியாது. முதலில் சாயும், பிறகு நெளியும், கடைசியில் வேரோடு பிய்யும். உடம்பில் கிழிந்த டியூபுக்கு ஒட்டுப் போடலாம். மூக்குப் பிய்ந்த டியூபைச் செஞ்சியில் யாராலும் ஒன்றும் செய்யமுடியாது.

ஆக, டயர் ரிம்மில் வழுக்குகிறது. அது தெரிந்துவிட்டது. ஏன் வழுக்குகிறது என்பதுதான் தெரியவில்லை.

சேதி கேட்டு, அன்று பகல் பஸ்ஸில் டிப்போ மேஸ்திரி அரங்கநாதன் வந்து இறங்கினார். குடையும் தோல்பையுமாக வயலுக்கு நடந்து வந்து, பிய்ந்த மூக்கைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு வாரத்துல ரெண்டு. கிளச்சை வெடுக்குனு விடுறியா?"

"இல்ல சார். பட்டாளத்துல அஞ்சு வருசம் லாரி ஓட்டினவன் சார் நான்."

"இன்னொரு வண்டி டிரைவரு துரைக்கண்ணுவும் இதேதான் சொன்னான். போன மாசம் மூணு டியூபைப் பிச்சான். வீட்டுக்கு அனுப்பிட்டேன். டியூபு என்ன கத்திரிக்காயா, சந்தையில வாங்கிக்க? பட்டணத்துக்கு எழுதி, பர்மிட்டு வந்து, அப்புறம் சரக்கு வரணும்." தோல்பையிலிருந்து மடித்த டியூப் ஒன்றை எடுத்து டிராக்டரின் இருக்கையில் வைத்தார். "டிப்போவுல இருந்த கடைசி டியூபு இதுதான். திங்கக்கெழமை காலையில வருவேன். இதுவும் போயிருந்தா, ஹாண்டிலை என் கையில குடுத்துட்டு அவலூர்ப்பேட்டை பஸ்ஸைப் புடிச்சிக்க."

ஹாண்டில் என்பது டிராக்டரின் முன்னால் செருகிச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பும் வளைந்த இரும்பு. அது யார் கையில் இருக்கிறதோ அவன்தான் டிரைவர்.

அவலூர்ப்பேட்டை என்ற ஊரைச் சொன்னதும் பிலவேந்திரன் கை நீட்டி அந்த டியூபை எடுத்துக்கொண்டான். பட்டாளத்திலிருந்து திரும்பி வந்தபின் ஒரு வருஷம் அவன் அங்கேதான் மாமனாரின் மணிலாக்கொட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை எண்ணிக்கொண்டிருந்தான். மைத்துனன் பாக்கியசாமி, வருகிறவர்களிடமெல்லாம் "இவர்தான் எங்க பட்டாளத்து மாப்பிள்ளை. சண்டையில ஜெயிச்சிட்டு வந்து சாக்கு தைக்கிறாரு" என்று அறிமுகம் செய்வான். சிரிக்கவும் முடியாது, முறைக்கவும் முடியாது. இந்த வேலை கிடைத்தபின்தான் செஞ்சிக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு அறை பிடித்து மனைவி ஜோசப்பினைக் கூட்டிவந்தான். கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து அவள் தனக்கென்று அடுப்பு மூட்டி இரண்டு மாதம்தான் ஆகிறது.

மேஸ்திரி போனபின், பச்சமுத்துவும் அவனுமாகக் கடைசி டியூபை மாட்டினார்கள். பச்சமுத்து மாட்டுவண்டிக்காரன், டிராக்டருக்கு மண்ணெண்ணெய் டின்னும் தண்ணீரும் கொண்டுவந்து இறக்குகிறவன். பத்து வயது மூத்தவன், உதவி என்றால் கூப்பிடாமலே வருவான். பிலவேந்திரன் ஊருக்குள் போய் இரவல் பம்பைத் தேடி எடுத்துக்கொண்டு வருவதற்குள், அந்தப் பிடிவாதம் பிடித்த டயரை அவன் தனி ஆளாகவே முக்கால்வாசி ரிம்மில் ஏற்றிவிட்டிருந்தான்.

"பரவாயில்லியே அண்ணே!"

"அதெல்லாம் கை பழகிப்போச்சு நைனா" என்றான் பச்சமுத்து, பெருமையை மறைக்காமல்.

உச்சி வெயிலில் காற்றடித்தார்கள். டிப்போவில் கொடுத்த அட்டையில் பின்சக்கரத்துக்குப் பன்னிரண்டு பவுண்டு என்று போட்டிருந்தது. பிலவேந்திரன் காற்றின் அழுத்தத்தை அளக்கும் கேஜை வைத்துப் பார்த்தான். பதின்மூன்று காட்டியது. சட்டம் சட்டம்தானே என்று ஒரு பவுண்டை 'புஸ்' என்று வெளியே விட்டு, மிகச் சரியாகப் பன்னிரண்டில் நிறுத்தினான்.

வியாழக்கிழமை விடிவதற்குள் அவனுக்கு ஒரு யோசனை வந்திருந்தது. டயர் நகருகிறது என்றால், எப்போது நகருகிறது, எவ்வளவு நகருகிறது என்பதைக் கண்ணால் பார்க்கவேண்டும். கறுப்புச் சக்கரம் சுற்றும்போது ஒன்றும் தெரியாது. ஒரு அடையாளம் வேண்டும்.

"அம்மா, கொஞ்சம் சுண்ணாம்பு குடுங்க."

கமலாம்பாள் இடுப்புச் சுருக்குப்பையைக் கையால் மூடிக்கொண்டாள். "இன்னாத்துக்கு? வெத்தலை போடறியா? காலங்காத்தாலயா?"

"சக்கரத்துக்கும்மா."

"சக்கரத்துக்கு வெத்தலையா!" என்றாள். ஆனாலும் சுண்ணாம்பு டப்பியை எடுத்துக் கொடுத்தாள். "பூராவையும் வழிச்சிடாத. சாயங்காலம் வரைக்கும் எனக்கு ஓடணும்."

பிலவேந்திரன் விரலால் ஒரு கோடு இழுத்தான். ரிம்மில் ஆரம்பித்து, இரும்பும் ரப்பரும் சேருகிற இடத்தைத் தாண்டி, டயரின் பக்கவாட்டில் ஒரு சாண் வரைக்கும் நேராக ஒரே கோடு. இடது சக்கரத்திலும் அப்படியே. இனி டயர் ரிம்மோடு சேர்ந்து சுற்றினால் கோடு கோடாகவே இருக்கும். டயர் பின்தங்கினால் கோடு இரண்டாக உடையும். எவ்வளவு விலகியதோ அவ்வளவு நழுவியது என்று அர்த்தம். கணக்குப் பிள்ளையோ கருவியோ தேவையில்லை.

சட்டிக் கலப்பையை இறக்கி ஐந்து சால் ஓட்டினான். கோரையும் அருகும் மண்டி, ஆறு வருஷமாக ஏர் படாமல் கிடந்த எட்டுக் காணி அது. கலப்பை அந்த வேர்களைக் கிழிக்கும்போது வண்டி முக்கியது. நிறுத்திவிட்டு ஓடிவந்து பார்த்தான்.

இடது சக்கரத்தில் கோடு போட்டது போட்டபடி இருந்தது. வலது சக்கரத்தில் ரிம்மின் கோடு இரண்டு விரற்கடை முன்னால் போயிருந்தது. டயரின் கோடு பின்னால். பித்தளை மூக்கு ஒருபக்கமாகச் சாய்ந்து, இன்னும் இரண்டு சால் ஓட்டினால் நான் போய்விடுவேன் என்று சொல்லுவது போல நின்றது.

"சேசு மரி சூசையே" என்றான் பிலவேந்திரன். ஆனால் குரலில் பயத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகம். பிய்வதற்கு முன்னாலேயே பிடித்துவிட்டான் அல்லவா? டியூப் பிழைத்தது.

ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கி, காற்றை இறக்கி, டயரை முன்னுக்குத் திருப்பி மூக்கை நேராக்கினார்கள். கடப்பாரை வேண்டியிருக்கும் என்று நினைத்தான். பச்சமுத்து வெறுங்கையால் ஒரு தள்ளுத் தள்ளியதும் டயர் சுளுவாக வழுக்கித் திரும்பியது. நல்லவேளை, சீக்கிரம் முடிந்தது என்று பிலவேந்திரன் நினைத்தானே தவிர, அது ஏன் அவ்வளவு சுளுவாகத் திரும்பியது என்று யோசிக்கவில்லை. திரும்பவும் மத்தியான வெயிலில், இரண்டு சக்கரங்களிலும் சரியாகப் பன்னிரண்டு பவுண்டு வைத்தான். அந்த வெயிலிலேயே பத்துச் சால் ஓட்டினான். கோட்டில் ஒரு நூலளவு விலகல் மாதிரி தெரிந்தது. சுண்ணாம்பு காய்ந்து வெடித்திருக்கும் என்று விட்டுவிட்டான்.

காலையில் இரண்டு விரற்கடை. மத்தியானம் ஒரு நூல். மண் அதே மண், ஆள் அதே ஆள். மாறியது குளிர் ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை விடியலில், வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால், பனியில் நனைந்து கிடந்த சக்கரத்தில் கேஜை வைத்தான். ஒன்பதரை. இடது சக்கரத்திலும் ஒன்பதரை. ஓட்டை இல்லை, இரண்டு சக்கரங்களிலும் ஒரே அளவாக ஒழுகுகிற ஓட்டை உலகத்தில் கிடையாது.

அவன் அப்படியே நின்று மலையைப் பார்த்தான். ராஜகிரி கிழக்கே கோபுரம் மாதிரி எழுந்து நின்றது. சூரியன் அதன் தலையைத் தாண்டி இந்த வயலுக்குள் எட்டிப்பார்க்க எட்டரை மணி ஆகிவிடும். அதுவரை இங்கே தை மாதத்து இரவுதான். மத்தியானமோ நேர் எதிர். வெயில் முழுவதும் அந்தப் பாறைகளில் பட்டு இந்தப் பக்கமே திரும்பும். சும்மா நிற்கிறவனுக்கே வேர்க்கும், கறுப்பு டயர் கையை வைக்க முடியாதபடி சுடும். சித்திரை வெயிலில் கடைத்தெருவில் சாத்தி வைத்த சைக்கிள் டயர் தானாக வெடிப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். சூட்டில் காற்று உப்புகிறது, வெளியே போக முட்டுகிறது. அப்படியானால் குளிரில்? அதே காற்று ஒடுங்கும். துளிக்கூட வெளியே போகாமலே டயரை அழுத்துகிற வேகம் குறையும்.

"நான் சூட்டுல பன்னெண்டு வச்சேன்" என்று பச்சமுத்துவிடம் சொன்னான். விளக்கம் சொல்ல ஆள் கிடைத்தால் அவனுக்குக் குளிர்கூடத் தெரியாது. "உப்பிப்போன காத்தை அளந்து, போதும்னு ஒரு பவுண்டை வேற வெளிய விட்டேன். அது ராத்திரி குளுந்துச்சு. காலையில ஒம்போதரை. டயரைப் புடிச்சிக்கினு இருக்கிற கை அஞ்சுல ஒரு பங்கு தளர்ந்துபோச்சு. அந்த நேரம் பாத்து நான் கலப்பையை எறக்குறேன்!"

"லாரியிலயும் அப்பிடித்தானே ஆவணும்?"

"நல்லா கேட்டீங்க! லாரி டயருல அறுபது பவுண்டு. குளுர்ல அஞ்சாறு கொறைஞ்சாலும் மீதி அம்பதுக்கு மேல இருக்கும், உடும்பு மாதிரி புடிச்சிக்கும். இதுல மொத்தமே பன்னெண்டு. மண்ணுல பரவி நிக்கணும்னு கம்மியா வச்சிருக்குறான். இங்க ரெண்டரை போறது பெரிய விசயம். அந்த லாரிப் புத்திதான் என்னைக் கெடுத்துச்சு."

பச்சமுத்து எவ்வளவு புரிந்துகொண்டானோ, "அப்ப இன்னும் அடிப்போம்" என்று பம்பை மிதிக்க ஆரம்பித்தான். இரண்டு சக்கரங்களிலும் குளிரிலேயே பன்னிரண்டு ஏற்றினார்கள். புதுக்கோடு போட்டார்கள். கமலாம்பாளின் டப்பி அடியைத் தொட்டுவிட்டது.

பத்துச் சால் ஓட்டிவிட்டு, இந்தமுறை சிரித்துக்கொண்டே இறங்கிவந்தான் பிலவேந்திரன். இடது சக்கரத்தில் கோடு நேராக இருந்தது. வலது சக்கரத்தில் அரை விரற்கடை விலகியிருந்தது.

சிரிப்பு நின்றுபோனது.

இரண்டு விரற்கடை அரையாகியிருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அரையும் அரையும் சேர்ந்தால் மறுநாளே ஒன்றாகும். மூக்குக்கு அவசரம் இல்லை, நிதானமாகவே பிய்யும். நேற்றுப் பார்த்த நூலளவும் சுண்ணாம்பு வெடித்தது அல்ல, நழுவல்தான். எல்லாவற்றையும்விட ஒரு கேள்விதான் அவனைக் குடைந்தது: குளிர் இரண்டு சக்கரத்துக்கும் பொது. காற்று இரண்டிலும் ஒன்று. இடது சக்கரம் ஒன்பதரையிலும் அசையவில்லை, பன்னிரண்டிலும் அசையவில்லை. வலது மட்டும் ஏன்?

அன்று வண்டியை நிறுத்திவிட்டான். கமலாம்பாள் கேட்டதற்கு, "ரெண்டு சக்கரத்துக்கும் இன்னா வித்தியாசம்னு பாக்குறேம்மா" என்றான்.

"ஒண்ணு சோத்தாங்கை, ஒண்ணு பீச்சாங்கை. வேற இன்னா வித்தியாசம்?" என்றாள் அவள். "செவ்வாக்கெழமை வரைக்கும்தான் மிஷினு எனக்கு. அப்புறம் சீயமங்கலத்துக்குப் பூடும். நீ பாத்துக்கினே இரு."

வீட்டில் சோறு இறங்கவில்லை.  தட்டில் ரசத்தை ஊற்றும்போது ஜோசப்பின், "எங்க அண்ணன் கடுதாசி போட்டுக்குது. மண்டியில ஆளு வேணுமாம்" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு அவனுக்கு ரசமும் இறங்கவில்லை.

சனிக்கிழமை. மலைக்கு மேலே வெயில் ஏறியபின் வயலுக்கு வந்தான். வலது சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்திருந்தான். பச்சமுத்து முன்னாடியே வந்து காத்திருந்தான். வெறும் கோவணத்தோடு, உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் எண்ணெய் பளபளக்க, நெற்றியிலிருந்து ஒழுகுவதைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு நின்றான்.

"இன்னா அண்ணே கோலம் இது?"

"சனிக்கெழமை இல்ல? தலைக்கு வச்சிக்கினு ஊறிக்கினு இருந்தேன். நீ வந்துட்டியோன்னு அப்பிடியே ஓடியாந்தேன். முடிச்சிட்டுப் போயி ஊத்திக்கிறேன்."

ஜாக்கியின் பிடியை அவன்தான் அழுத்தினான். எண்ணெய்க் கை இரும்பில் வழுக்கி, 'டொக்' என்று முழங்கை டயரில் இடித்தது. மறுபடி பிடித்தான். மறுபடி வழுக்கியது.

"கையில எண்ணெய் வச்சிக்கினு எப்பிடி அண்ணே புடிக்கும்? கையைத் தொடைங்க" என்றான் பிலவேந்திரன்.

சொல்லிவிட்டு, தான் சொன்னதையே காதால் கேட்டவன் மாதிரி நிமிர்ந்தான்.

"அண்ணே."

"இன்னா நைனா?"

"புதன்கெழமை நான் பம்பு எடுத்தார ஊருக்குள்ள போனேனே. நீங்க ஒண்டி ஆளா டயரை எப்பிடி ஏத்தினீங்க?"

பச்சமுத்துவின் முகம் மலர்ந்தது. எப்போது கேட்பான் என்று காத்திருந்தவன் போல. "அதுவா! நம்ம வண்டியில அச்சுக்குப் போட வெளக்கெண்ணெ வச்சிருக்கேன் இல்ல? டயரு ஓரத்துல சுத்தி நல்லா தடவினேன். ரிம்முக்கும் ஒரு கை வச்சேன். வெண்ணெ மாதிரி ஏறிக்கிச்சு."

"திங்கக்கெழமை?"

"அன்னிக்கும்தான். அதுக்கு முன்ன சனிக்கெழமை வேலமுள்ளு குத்தி ஒட்டுப் போட்டோமே, மொத மொதல்ல அன்னிக்குத்தான் தடவினது. சக்கரம்னா எண்ணெ போடாம எப்பிடி நைனா? கத்தும் இல்ல?"

பிலவேந்திரன் அங்கேயே வரப்பில் உட்கார்ந்துவிட்டான். இடது சக்கரம் வண்டி புதிதாக வந்ததிலிருந்து ஒருமுறைகூடக் கழற்றப்படவே இல்லை. அதன் மேல் பச்சமுத்துவின் கை பட்டதே இல்லை. வலது சக்கரத்தை மூன்றுமுறை மாட்டினார்கள், மூன்றுமுறையும் விளக்கெண்ணெய். வண்டியின் அச்சில் சக்கரம் சுற்றவேண்டும், அங்கே எண்ணெய் சரி. ரிம்மில் டயர் சுற்றவே கூடாது. பச்சமுத்து வாழ்நாள் பூராவும் வழுக்கவேண்டிய சக்கரங்களையே பார்த்தவன். வழுக்கக்கூடாத சக்கரம் ஒன்று உலகத்தில் உண்டு என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? விளக்கெண்ணெய் காயவும் காயாது. சாதா எண்ணெய் மாதிரி ஆறேழு நாளில் பிசுக்காகி ஒட்டிக்கொள்ளவும் செய்யாது. நல்ல காற்று இருந்தால் ஓரளவு அழுத்திப் பிடித்துச் சமாளிக்கும். குளிரில் அந்தக் காற்றும் தளர்ந்ததும் தாராளமாக வழுக்கும்.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மெதுவாக வந்தது, பிறகு நிறுத்த முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். நாலு நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்தமாதிரி இருந்தது.

பச்சமுத்து பயந்துபோனான். "இன்னா நைனா? தப்பு பண்ணிட்டேனா? ரெண்டு டியூபும் என்னாலதான் போச்சா?"

"பாதி உங்களால. பாதி என்னால" என்றான் பிலவேந்திரன், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "நீங்க எண்ணெ தடவினீங்க. நான் காத்தைப் புடுங்கினேன். ஒருத்தன் மட்டும் தப்புப் பண்ணியிருந்தா இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருக்கும். ரெண்டு பேருமா சேந்துதான் சாவடிச்சோம்."

சத்தம் கேட்டு வந்த கமலாம்பாள் விஷயத்தைக் கேட்டுவிட்டு, பச்சமுத்துவின் எண்ணெய் வடியும் தலையையும் டயரையும் மாறிமாறிப் பார்த்தாள். "அதுக்கு ஏன்யா இப்பிடி யோசிக்கிறீங்க? எண்ணெ வச்சா சீயக்காய் போட்டுத் தேய்க்கிறது. இவனுக்கும் சனிக்கெழமை, டயருக்கும் சனிக்கெழமை."

அதைவிட நல்ல யோசனை இந்த ஜில்லாவிலேயே யாருக்கும் வந்திருக்காது. மண்ணெண்ணெய் போட்டால் எண்ணெய் போகும், ரப்பர் ஊதி இளகிவிடும். வெறும் தண்ணீர் எண்ணெயைத் தொடாது. சீயக்காய் எண்ணெயைப் பற்றிக்கொண்டு தண்ணீரோடு போய்விடும், ரப்பருக்கு ஒன்றும் செய்யாது. கமலாம்பாள் தனக்கென்று அரைத்து வைத்திருந்த தூளைப் படி நிறையக் கொண்டுவந்து கொட்டினாள். "அடுத்த வாரம் நான் மண்டையை எதுல தேய்க்கிறதுன்னு சர்க்காருதான் சொல்லணும்" என்று முணுமுணுத்தாள்.

வடித்த கஞ்சியில் குழைத்து, டயரின் ஓரங்களையும் ரிம்மின் உட்புறத்தையும் தேங்காய் நாரால் தேய்த்தார்கள். பச்சமுத்து தேய்த்த வேகத்தைப் பார்த்தால், செய்த தப்பையே உரித்து எடுத்துவிடுவான் போலிருந்தது. தண்ணீரைக் கொட்டி அலசி, விரல் வைத்து இழுத்துப் பார்த்தான் பிலவேந்திரன். விரல் வழுக்காமல் 'கீச்' என்று கத்தியது. பாறைமேல் வெயிலில் காயவைத்தார்கள்.

"இப்ப எப்பிடி ஏத்துறது?" என்றான் பச்சமுத்து கவலையாக. "வழுக்கலைன்னா ஏறாதே."

"கொஞ்சம் சீயக்காய்த் தண்ணியே தொட்டுக்கங்க. ஏறுற வரைக்கும் வழுக்கும். ஏறினதும் காஞ்சி கப்புனு புடிச்சிக்கும். நமக்கு வேண்டியது அதுதான்."

அப்படியே ஏறியது. பச்சமுத்து அதன்பிறகுதான் தன் தலைக்கு ஊற்றிக்கொள்ளப் போனான். அதற்குச் சீயக்காய் மிச்சமில்லை.

ஞாயிறு பூசையில் பிலவேந்திரன் சாமியார் சொன்னதில் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. மனசுக்குள் டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை அந்த வருஷத்திலேயே குளிரான காலை. ராஜகிரியின் மேல்பாதியைக் காணவில்லை, பனி விழுங்கிவிட்டிருந்தது. மேஸ்திரி அரங்கநாதன் காதைச் சுற்றி மப்ளர் கட்டிக்கொண்டு, விடியற்கால பஸ்ஸில் வந்து இறங்கினார். வந்ததும் வலது சக்கரத்தைப் பார்த்தார். பித்தளை மூக்கு நேராக நின்றது.

"ஓட்டவே இல்லையா?"

"இப்ப ஓட்டுறேன் சார். இந்தக் குளுர்லயே பாருங்க." பிலவேந்திரன் கேஜை வைத்துக் காட்டினான்: குளிரில் பன்னிரண்டு. கமலாம்பாளின் டப்பியைச் சுரண்டி, கடைசி வெள்ளையில் இரண்டு கோடுகள் போட்டான். ஹாண்டிலைச் செருகிச் சுழற்றினான். எஞ்சின் இரண்டுமுறை தும்மிவிட்டுக் கிளம்பியது.

கலப்பை இறங்கியது. கோரை வேர்கள் பட்பட்டென்று அறுந்தன. மேஸ்திரி குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வலது சக்கரத்தின் பக்கத்திலேயே நடந்தார். ஒரு சால், இரண்டு சால். வெள்ளைக்கோடு மேலே வந்தது, கீழே போனது, மண் அப்பியது, மறுபடி வந்தது. ஐந்தாவது சாலில் மேஸ்திரி குனிந்து பார்த்துவிட்டு, மேலே ஓட்டு என்று கையைக் காட்டினார். பத்தாவது சாலில் நிறுத்தச் சொன்னார்.

ஒட்டியிருந்த மண்ணைக் கைக்குட்டையால் துடைத்தார். கோடு ரிம்மிலிருந்து டயருக்கு, நடுவில் ஒரு முறிவும் இல்லாமல், போட்டது போட்டபடி போனது. அவர் நகத்தை வைத்து அந்தச் சந்தைத் தடவிப் பார்த்தார். பிறகு மூக்கைச் சுளித்து முகர்ந்தார்.

"இன்னாய்யா இது, சீயக்காய் வாசனை?"

"சனிக்கெழமை தலைக்கு ஊத்தினோம்" என்றாள் கமலாம்பாள் வரப்பிலிருந்து.

பிலவேந்திரன் எல்லாவற்றையும் சொன்னான். மத்தியானம் அளந்தது, காலையில் ஒன்பதரை காட்டியது, இரண்டரை பவுண்டு போன கதை. எண்ணெய் என்ற இடம் வந்ததும், "மாட்டும்போது ஓரத்துல எண்ணெ பட்டுப்போச்சு சார். நான்தான் பாத்திருக்கணும்" என்றான்.

"படல சாமி, நான்தான் தடவினேன்" என்றான் பச்சமுத்து முன்னால் வந்து. "ஏத்துறதுக்குச் சுளுவா இருக்கட்டும்னு. டைவரு மேல தப்பு இல்ல."

மேஸ்திரி அவனைத் திட்டுவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் திட்டவில்லை. கோட்டின் மேல் மறுபடி ஒருமுறை நகத்தை ஓட்டினார். எஞ்சின் தடதடத்துக்கொண்டிருந்தது.

"டிப்போவுல கிரீஸ் போட்டுத்தான் ஏத்துறோம்" என்றார் கடைசியில், யாருக்கும் சொல்லாதமாதிரி. "நானே சொல்லிக் குடுத்தது. காத்தும் மத்தியானம்தான் பாக்குறோம்." மப்ளரை அவிழ்த்துக் கழுத்தைத் தடவிக்கொண்டார். "துரைக்கண்ணு டயரையும் நான்தான் ஏத்திக் குடுத்தேன்."

பிலவேந்திரன் கையிலிருந்த கேஜைத் துடைத்தான். கமலாம்பாள் போர்வையை இழுத்துச் சுற்றிக்கொண்டாள்.

"அவன் ஊரு எது தெரியுமா? மேல்மலையனூர்ப் பக்கம்னு சொன்னமாதிரி ஞாபகம்" என்றார் மேஸ்திரி.

"எங்க சம்பந்தி ஊருக்குப் பக்கத்துல சாமி" என்றான் பச்சமுத்து. "நாளைக்கே வண்டி கட்டினா மத்தியானத்துக்குள்ள கூட்டியாந்துடுவேன்."

"கூட்டியா. வேலை இருக்குதுன்னு சொல்லு. நான் வரச் சொன்னேன்னு சொல்லு." தோல்பையிலிருந்து பென்சிலை எடுத்து, டிப்போ அட்டையில் பன்னிரண்டு பவுண்டு என்ற வரிக்குப் பக்கத்தில் 'காலையில், வண்டி கிளம்பும் முன்' என்று எழுதினார். அதற்குக் கீழே 'எண்ணெய், கிரீஸ் கூடாது' என்று எழுதி இரண்டு கோடு போட்டார்.

டிராக்டரின் முன்னால் ஹாண்டில் செருகியபடியே இருந்தது. மேஸ்திரி அதை உருவினார். பிலவேந்திரன் அவர் கையையே பார்த்தான். அவர் அதைக் கையில் எடை பார்ப்பதுபோலப் பிடித்துவிட்டு, அவனிடம் நீட்டினார்.

"ஓடற வண்டியில இதைச் செருகியே வச்சிருக்கக் கூடாதுன்னு பட்டாளத்துல சொல்லித்தரலியா? எடுத்து இருக்கைக்கு அடியில வை. இன்னும் நாலு காணி பாக்கி இருக்குது."

பிலவேந்திரன் வாங்கிக்கொண்டான். இரும்பு பனியில் சில்லென்று இருந்தது. இருக்கைக்கு அடியில் அதை வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தான். இன்றைக்குச் சாயங்காலம் ஜோசப்பினிடம், அவள் அண்ணனுக்கு இந்த ஆள் கிடைக்கமாட்டான் என்று பதில் எழுதச் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

கலப்பை மறுபடி இறங்கியது. மலைக்கு மேலே வெயில் எட்டிப் பார்த்தபோது அவன் பதினெட்டாவது சாலில் இருந்தான். வரப்பில் கமலாம்பாள் வெற்றிலையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, காலி டப்பியைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் சலித்துப்போய், சக்கரம் தன் பக்கமாகத் திரும்பி வரும்போது கையைக் காட்டி நிறுத்தச் சொல்லி, கோட்டின் ஓரத்தில் அப்பியிருந்த சுண்ணாம்பை ஒரு விரலால் நறுக்கென்று சுரண்டி எடுத்துக்கொண்டாள்.

"போ, போ" என்றாள். "நேராத்தான் இருக்குது."